போடிமெட்டு வளைவில் நூற்றுக்கு எத்தனை?

கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொல்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால், பணம் கட்டிக் காரே வாங்கிவிட்ட அப்பாவிடம், "நீங்கள் நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் காரில் இருக்கும் புது வசதியைத் திறந்துவிடுவோம்" என்று கார் கம்பெனி சொன்னால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் 2021-ம் ஆண்டு அப்படித்தான் நடந்தது.

டெஸ்லா என்ற மின்சாரக் கார் நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கார் தானே திரும்பும், தானே நிற்கும், சிக்னலைத் தானே கவனிக்கும் என்று சொல்லி, அதற்கான மென்பொருளை 2016 முதலே அந்த நிறுவனம் விற்றது. 2021-ல் அதன் விலை 10,000 டாலர். காரின் விலை தனி! பணம் கட்டியவர்கள் வருடக் கணக்கில் காத்திருந்தார்கள். 2020 அக்டோபரில் சோதனைப் பதிப்பு வந்தது, ஆனால் வெகு சிலருக்கு மட்டுமே கிடைத்தது. மற்றவர்கள் "எங்களுக்கு எப்போது?" என்று கேட்டார்கள். 2021 செப்டம்பரில் பதில் வந்தது. காரின் திரையில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மென்பொருள் உடனே வராது. பரீட்சைதான் ஆரம்பமாகும்!

அன்று முதல் கார் தன் ஓட்டுநரை உற்றுப் பார்க்கும். தினமும் மார்க் போடும். முப்பது நாள் வரையிலான மார்க்குகளை, ஓட்டிய தூரத்துக்கு ஏற்ப, சராசரி எடுக்கும். அதுதான் 'பாதுகாப்பு மதிப்பெண்'. பூஜ்யத்திலிருந்து நூறு வரை.

நம் ஊரில் டிரைவிங் லைசென்ஸ் வாங்க என்ன செய்கிறோம்? ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் ஒரு நாள் காலையில் 'எட்டு' போட்டுக் காட்ட வேண்டும். காலைக் கீழே ஊன்றாமல் போட்டுவிட்டால் பாஸ். மறுநாளிலிருந்து அவர் எப்படி ஓட்டுகிறார் என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. டெஸ்லாவின் பரீட்சையோ தினந்தோறும் நடப்பது. வாத்தியார் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார், கண்ணுக்குத்தான் தெரியமாட்டார்.

எதற்கெல்லாம் மார்க் குறையும்?

முதலில் ஐந்து விஷயங்களைப் பார்த்தார்கள். முன்னால் போகும் வண்டியில் மோதப் போகிறாய் என்று கார் எத்தனை முறை எச்சரித்தது, எத்தனை முறை 'சடக்'கென்று பிரேக் போட்டார், எத்தனை முறை வேகமாக ஒடித்துத் திருப்பினார், முன் வண்டியை எவ்வளவு ஒட்டிப் போனார், கார் தானே ஓடும்போது கவனிக்காமல் இருந்து, மூன்று முறை எச்சரித்தும் கேட்காததால் கார் அந்த வசதியைப் பிடுங்கிக்கொண்டதா... இவ்வளவுதான். இரவு நேர ஓட்டம் போன்றவை பிறகு சேர்ந்தன.

'சடக்' பிரேக் என்றால் எவ்வளவு சடக்? அதற்கும் கணக்கு உண்டு. 0.3 ஜி. பூமி நம்மைக் கீழே இழுக்கிறதே, அந்த அளவுதான் 1 ஜி. அதில் பத்தில் மூன்று பங்கு அளவுக்கு நம்மை முன்னால் தள்ளும்படி பிரேக் போட்டால் கெட்ட பிரேக். ஒரே நொடியில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகமாக வேகம் குறைந்தால் இந்த அளவு வந்துவிடும். திருப்பத்துக்கு எல்லை 0.4 ஜி. 30 கிலோ எடையுள்ள ஒரு பையனை 12 கிலோ மூட்டையின் கனத்தோடு பக்கவாட்டில் தள்ளுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2021 அக்டோபர் 11 அன்று முதல் ரிசல்ட். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு மென்பொருள் கிடைத்தது. எல்லாரும் நூற்றுக்கு நூறு! 99 வாங்கியவருக்குக் கூட அன்று இல்லை. அப்புறம் 99, 98 என்று படிப்படியாக எல்லை இறங்கியது. 2022-ல் 80 வரை வந்தது. அந்த வருடம் நவம்பரில், வட அமெரிக்காவில் பணம் கட்டிய யார் கேட்டாலும் தருகிறோம் என்று சொல்லிப் பரீட்சையையே எடுத்துவிட்டார்கள்.

நம் மலைக்கு வருவோம்

இந்த மார்க் முறையைத் தேனி மாவட்டத்து மலைப்பாதையில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? டெஸ்லா அங்கே ஓடாது என்பது வேறு விஷயம். ஒரு அளவுகோல் நல்லதா என்று தெரிய, அது பிறந்த இடத்தை விட்டு வேறு இடத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல வழி.

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போகும் சாலை முந்தலைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கும். போடிமெட்டு போய்ச் சேர்வதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் புலியூத்து அருவி. மேலே போனால் ஏலத்தோட்டங்கள். போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறதே (ஆமாம், ஏலத்துக்கே ஏலம்!), அந்தக் காய் விளையும் மலை இதுதான். அதிகாலையில் போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து காய் எடுக்கவும் களை எடுக்கவும் ஆயிரக்கணக்கானோர் ஜீப்பில் மலை ஏறுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். தூக்குவாளியில் சோறு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறக்கம். உங்களில் சிலருடைய அம்மாவோ, அத்தையோ அதில் போகிறவராக இருக்கலாம்.

இப்போது ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். மலைச்சாலை போடும் இந்தியப் பொறியாளர்களின் விதிப்படி, இப்படிப்பட்ட வளைவின் உட்புற ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும். 20 கிலோமீட்டர் வேகத்தை மனதில் வைத்து அமைப்பார்கள். 14 மீட்டர் ஆரத்தில் ஜீப் திரும்பினால் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளும்? வேகத்தை வேகத்தால் பெருக்கி, ஆரத்தால் வகுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு அண்ணன், அக்காக்கள் போட்டுப் பாருங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் 0.18 ஜி. 20 என்றால் 0.22 ஜி. 27 என்றால் 0.41 ஜி!

பார்த்தீர்களா? வேகம் 20-லிருந்து 27 ஆனது. ஏழே ஏழு கிலோமீட்டர்தான் கூடியது. தள்ளும் விசையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. மலைப்பாதையில் "கொஞ்சம்தான் வேகமாகப் போனேன்" என்ற பேச்சு ஏன் எடுபடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். இந்த இடத்தில் டெஸ்லாவின் வாத்தியார் நல்ல வாத்தியார்தான். 27-ல் திருப்பினால் கப்பென்று பிடித்துவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர் கெட்ட திருப்பங்களை மட்டும் தனியாக எண்ணுவதில்லை. 0.2 ஜி-க்கு மேல் திரும்பிய நேரம் மொத்தம் எவ்வளவு, அதில் 0.4-ஐத் தாண்டிய நேரம் எவ்வளவு என்று விகிதம் பார்க்கிறார். ஆக, 20-ல் திரும்பினால் அது கணக்கில் சேரும் ஒரு நல்ல திருப்பம். 18-ல் இன்னும் நிதானமாகத் திரும்பினால்? அது கணக்கிலேயே வராது! மிகவும் பொறுமையாக ஓட்டியவர், சுமாரான பொறுமையோடு ஓட்டியவரை விடக் குறைவான மார்க் வாங்க வழி இருக்கிறது. கணக்கு எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் கார்கள் ஓடிய பல நூறு கோடி மைல் தூரத்தின் விவரங்களை வைத்து எழுதிய கணக்கு அது. அந்த மைல்களில் போடிமெட்டு இல்லை.

வாத்தியாருக்குத் தெரியாதவை

அடுத்தது இதைவிட முக்கியம். முன் வண்டியை ஒட்டிப் போவதற்கு மார்க் குறைப்பார்கள் என்று சொன்னேன் அல்லவா? அதை மணிக்கு 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போதுதான் பார்த்தார்கள். அகலமான அமெரிக்க நெடுஞ்சாலைக்கு அது சரி. மலைப்பாதையில் எந்த ஜீப் 80-ல் போகும்? பஸ்ஸின் பின்னால் நான்கு அடி இடைவெளியில் ஒட்டிக்கொண்டே 17 வளைவும் ஏறினாலும் இந்தப் பாடத்தில் ஒரு மார்க் கூடக் குறையாது.

இறக்கத்தில் பெட்ரோல், டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருட்டி விடுகிறவர்கள் உண்டு. மலைப்பாதையில் செய்யக் கூடாத காரியம். கியரில் இருந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறும். அளவுக்கு மேல் சூடேறினால் மிதித்தாலும் பிடிக்காது. அதனால்தான் பழைய டிரைவர்கள், "எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு" என்பார்கள். மின்சாரக் காருக்காக எழுதிய மார்க் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

குறுகலான இடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்தால், இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலை விதி. 1989-ல் வந்த விதிகளிலும் இருந்தது, 2017-ல் வந்த புதிய விதிகளிலும் இருக்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று சைக்கிளில் பாலம் ஏறிய உங்களுக்கே தெரியும். ஒதுங்கி நின்று வழிவிடும் அந்த நல்ல டிரைவருக்கு எத்தனை மார்க்? பூஜ்யம். விடாமல் மல்லுக்கு நிற்பவருக்கும் ஒன்றும் குறையாது. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்தாரா, பனிமூட்டத்தில் விளக்கைப் போட்டாரா என்றும் யாரும் கேட்பதில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், ஜீப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. எட்டுப் பேர் இருந்தாலும் பதினெட்டுப் பேர் இருந்தாலும் 20 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வளைவில் 0.22 ஜி-தான். மார்க் மாறாது. ஆனால் கூட்டம் கூடக் கூட, பின்னால் தொங்கிக்கொண்டும் மேலே சாமான் கட்டிக்கொண்டும் போகப் போக, வண்டியின் கனம் மேல் நோக்கி ஏறுகிறது. அப்போது அதே விசை வண்டியைச் சுலபமாகச் சாய்த்துவிடும். பிரேக்குக்கும் வேலை கூடும். தோட்டத் தொழிலாளர்களின் ஜீப்பில் உண்மையான ஆபத்து இதில்தான் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 25 அன்று கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில், மானந்தவாடிப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றி வந்த ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பெண்கள் இறந்து போனார்கள். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் நேரம் அது.

அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவது டிரைவரின் பேராசை மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு நடைக்கு எவ்வளவு பேர் ஏறினால் வாடகை கட்டுபடியாகும், காலையில் எத்தனை மணிக்குள் தோட்டத்தில் நிற்க வேண்டும், வேறு பஸ் உண்டா என்பதெல்லாம் அதில் கலந்திருக்கிறது. டிரைவருக்கு மட்டும் மார்க் போடுகிற முறை, மற்ற எல்லாரையும் பரீட்சை எழுத விடாமல் தப்பிக்க விட்டுவிடுகிறது என்பது என் எண்ணம்.

நம் நாட்டில் உள்ள முறை வேறு மாதிரி. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015-ல் மாநிலங்களுக்கு ஒரு உத்தரவு அனுப்பியது. அதிவேகம், சிகப்பு விளக்கைத் தாண்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, செல்போன் பேசிக்கொண்டு ஓட்டுவது, சரக்கு வண்டியில் அதிகச் சுமை ஏற்றுவது, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொன்னது. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்முடையது சாலையோரத்தில் நிற்கும் போலீஸ்காரர் கண்ணால் பார்க்கக்கூடியவை. டெஸ்லாவுடையது காருக்குள் இருக்கும் கருவியால் அளக்கக்கூடியவை. யாரால் எதை அளக்க முடிகிறதோ, அதுவே 'பாதுகாப்பு' என்று பெயர் பெற்றுவிடுகிறது!

மார்க்குக்காக ஓட்டினால்?

மனப்பாடம் செய்து மார்க் வாங்கும் பையனை நமக்குத் தெரியும். அமெரிக்காவிலும் அது நடந்தது. மஞ்சள் விளக்கு எரிகிறது. பிரேக் போட்டால் 'சடக்' கணக்கில் மார்க் போய்விடும். அதனால் நிற்காமல் போனவர்கள் உண்டு என்று அப்போது செய்திகள் வந்தன. ஆளில்லாத நல்ல சாலையாகப் பார்த்துச் சும்மா சுற்றி வந்து சராசரியை ஏற்றியவர்களும் உண்டு. குறுக்கே ஒரு நாய் ஓடினால் பிரேக் போடுவதா, மார்க்கைப் பார்ப்பதா என்று ஒரு நொடி யோசிக்க வைப்பது நல்ல பரீட்சையா?

இன்னொரு கேள்வி. நன்றாக ஓட்டுபவர் நன்றாகக் கண்காணிப்பாரா? அந்த மென்பொருள் முழுக்கத் தானே ஓட்டும் மென்பொருள் இல்லை. மனிதர் கையைத் தயாராக வைத்து, கண்ணைச் சாலையில் வைத்து, அது தப்பு செய்யும்போது பிடித்துத் திருத்த வேண்டும். 2024-ல் அதன் பெயரிலேயே 'கண்காணிப்புடன்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். சமையல் செய்வது ஒரு வேலை. சமையல் பழகும் தங்கை கையைச் சுட்டுக்கொள்ளாமல் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு வேலை. இரண்டாவதுக்குப் பொறுமை வேண்டும். ஒன்றும் நடக்காத பத்து நிமிடத்தில் கவனம் ஓடிவிடும். ஐந்து பாடங்களில் கடைசி ஒன்றுதான் இதைச் சோதித்தது. மற்ற நான்கும் சமையலுக்குப் போட்ட மார்க்.

சரி, நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் கையில் வந்த மென்பொருள் எத்தனை மார்க் வாங்கியது? 2021 அக்டோபர் கடைசியில் வந்த ஒரு பதிப்பு, முன்னால் ஒன்றும் இல்லாதபோதே மோதல் எச்சரிக்கை கொடுத்துத் திடீர் பிரேக் போட்டது. உடனே திரும்பப் பெற்றார்கள். 11,704 கார்களில் திருத்தம் செய்ய வேண்டி வந்தது. 2022 பிப்ரவரியில் இன்னொன்று. 'நில்' பலகை இருக்கும் நாற்சந்தியில் முழுதாக நிற்காமல் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் வரை உருண்டு போகும்படி அதை எழுதியிருந்தார்கள். சுமார் 54 ஆயிரம் கார்களில் அதை மாற்றினார்கள். 2023 பிப்ரவரியில் இன்னும் பெரிய திருத்தம், 3 லட்சத்து 62 ஆயிரம் கார்களுக்கு. மாணவன் சடக் பிரேக் போட்டால் மார்க் குறைத்த வாத்தியார், தானே சடக் பிரேக் போட்டார்!

நமக்கு எப்போது?

டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. டிரைவர் இல்லாத கார்களை விட மாட்டேன், டிரைவர்களின் வேலை போய்விடும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பரில் சொல்லியிருந்தார். ஆனால் மார்க் போடும் பழக்கம் கார் வரும் வரை காத்திருக்கவில்லை. வண்டியை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று பார்த்துக் காப்பீட்டுக் கட்டணம் வசூலிக்கும் திட்டங்களுக்கு, காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது. வண்டியில் ஒரு சின்னக் கருவி, அல்லது செல்போனில் ஒரு செயலி. அது பிரேக்கை, வேகத்தை, திருப்பத்தை அளக்கும். நல்ல மார்க் என்றால் கட்டணம் குறையலாம்.

அப்படி ஒரு கருவி நாளை போடி ஜீப் ஒன்றில் ஏறினால் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். 17 வளைவு உள்ள சாலைக்கும் மதுரை நாற்கர சாலைக்கும் ஒரே அளவுகோலா? மாடு குறுக்கே வந்ததால் போட்ட பிரேக் என்று டிரைவர் யாரிடம் போய்ச் சொல்வது? இரவு ஓட்டத்துக்கு மார்க் குறைத்தால், விடியும் முன் கிளம்பினால்தான் கூலி என்று இருப்பவர் என்ன செய்வார்? அந்த மார்க்கைத் தோட்ட முதலாளி, காப்பீட்டு நிறுவனம், போலீஸ் என்று யார் யார் பார்க்கலாம்? ஜீப்பில் உட்கார்ந்து வரும் அம்மாக்கள் பார்க்கலாமா? என்னைக் கேட்டால், அவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும். விழுந்தால் விழுவது அவர்கள்.

அதுவரை நீங்களே ஒரு கருவி செய்யலாம். செலவு கிடையாது. நேர் சுவருள்ள ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி மூடுங்கள். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பாட்டிலை மடியில் நேராகப் பிடியுங்கள். வளைவில் தண்ணீர் சாயும். கோணமானியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குலுங்கும்போது பார்க்காமல், பஸ் ஒரே சீராகத் திரும்பும்போது பார்க்க வேண்டும். 11 பாகை சாய்ந்தால் 0.2 ஜி. 22 பாகை என்றால் 0.4 ஜி. போடிமெட்டுக்குப் போகிறவர்கள் 17 வளைவுக்கும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். ஏறும்போது ஒரு பட்டியல், இறங்கும்போது ஒரு பட்டியல். அத்தோடு, பஸ்ஸில் எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை இடத்தில் டிரைவர் ஒதுங்கி வழிவிட்டார் என்றும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.